செட் முடியக் கூடாது

காரோடு
24-8-1954

என் பிரியமுள்ள தங்கச்சி சத்தியபாய்க்கு,

ஆண்டவர் கிருபையில் நாங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். இந்த மாதம் அதைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. போலீஸ் பிரித்துப் பார்ப்பார்களோ என்று இந்தக் கடிதத்தைத் தபாலில் போட எனக்குப் பேடி. கருப்பட்டி ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வாரம் இரண்டு நடை வருகிற யோசுவாவின் கையில் கொடுத்திருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போடு. பதிலையும் அவர் கையிலேயே கொடு.

பதினொன்றாம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கியால் வெடி வைத்தது நீ பேப்பரில் பார்த்திருப்பாய். நம்ம தம்பி விஜயதாஸ் அன்றைக்கு ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனவன் ஆக்கும். நம்ம ஊரெல்லாம் தமிழ்நாட்டோடு சேரணும் சேரணும் என்று தொண்டை கிழியக் கத்தினான், இப்போது அவன் பேரில் வாரண்டு. பகலெல்லாம் மரச்சீனிக் கிழங்கு விளைகளில் ஒளிந்து கிடக்கிறான். அவன் பெண்டாட்டி சுகுமாரி பிள்ளை பெற்று இருபத்திரண்டு நாள். நம்ம வீட்டில்தான் இருக்கிறாள், உன் மதினி பார்த்துக்கொள்கிறாள். வாரண்டில் போட்டிருக்கிற விலாசம் கோட்டுகாலில் சுகுமாரியின் அப்பன் வீடு. அவன் என் தம்பி என்று இங்கே போலீசுக்கு இன்னும் தெரியாது.

இனி என் புத்திகெட்ட காரியத்தைக் கேள். பாறசாலைக்குப் புதிதாக வந்த இன்ஸ்பெக்டருக்கு டென்னிஸ் பைத்தியம். மிஷன் காம்பவுண்டில் வெள்ளைக்காரப் பாதிரியார் போட்ட கோர்ட்டைச் சுத்தம் செய்ய வைத்துவிட்டார். எதிரே நிற்க ஆள் தேடி எங்கள் ஆபீசுக்கு வந்தார். "இவிடெ ஆர்க்கெங்கிலும் டென்னிஸ் அறியாமோ" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். போலீஸ் பார்த்தால் என் தலை தானாக ஆடும், உனக்குத் தெரியும்தானே. ஆடிவிட்டது. சின்ன வயதில் பாதிரியாருக்குக் கோடு போட்டுக் கொடுத்து, பத்துப் பந்து தட்டினவன், அவ்வளவுதான் நான்.

ஞாயிறு தவிர தினமும் ஐந்து மணிக்குப் போகிறேன். முதல் நாள் இருபது நிமிஷத்தில் ஆறுக்குப் பூஜ்யம். அவருக்குச் சலித்துப்போய்விட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன். இங்கே இருக்கிற ஜீப்பு ஒன்றே ஒன்று. அவர் கோர்ட்டில் நிற்கிற நேரம் அதுவும் காம்பவுண்டில்தான் நிற்கும், தேடப் போகிற போலீஸ்காரரும் அங்கேதான் பீடி குடித்துக்கொண்டு இருப்பார்கள். அந்த நேரத்தில் தம்பி வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்து, சூடாக நாலு வாய் சாப்பிட்டுப் போகலாம். இருபது நிமிஷம் போதாது மக்கா. ஆறரை வரை அந்த மனுஷனைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். நீ மதராசில் போய் டிரில் டீச்சர் படித்தவள், பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுக்கிறவள். எனக்கும் சொல்லிக் கொடு.

உன் பயந்தாங்கொள்ளி அண்ணன்,
சுவாமிதாஸ்


பாளையங்கோட்டை
28-8-1954

அன்புள்ள அண்ணனுக்கு சத்தியபாய் எழுதுவது,

படித்தேன், எரித்தேன், அழுதேன், அப்புறம் கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன். மாடு முட்ட வந்தால் மாட்டிடமே மன்னிப்புக் கேட்கிற நீங்க இன்ஸ்பெக்டருக்கு எதிரே மட்டையோடு நிற்கிறதை நினைத்தால் வேறென்ன செய்ய?

இனி பாடம். அசட்டையாகப் படிக்காதீங்க. மட்டையை ஒருத்தருக்குக் கை கொடுக்கிற மாதிரி பிடிக்கணும். நீங்க கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிப்பீங்க, எனக்குத் தெரியும். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற இறுக்கம் போதும். பந்து அவர் மட்டையை விட்டதுமே உங்க மட்டை பின்னால் போயிடணும். பந்து தரையில் விழுந்த பிறகு கொண்டுபோனால் நேரம் இருக்காது. நெஞ்சை வலைக்குக் காட்டாமல் இடது தோளைக் காட்டி நில்லுங்க. கீழிருந்து மேலே தட்டுங்க, பந்து வலைக்கு ஒரு கைத்தடி உயரத்துக்கு மேலே போகட்டும். புதிதாக ஆடுகிறவர் பாதிப் பந்தை வலையில்தான் கொண்டுபோய்ப் போடுவார். அடித்த இடத்திலேயே நின்று அழகு பார்க்காமல், உடனே பின்கோட்டின் நடுவுக்கு ஓடி வந்திடுங்க.

மூலைக்கு மூலை, குறுக்காகவே அடிங்க. வலை நடுவில் தாழ்வு, குறுக்கே போனால் தூரமும் அதிகம், தப்பு குறையும். அவர் வலைக்குப் பக்கத்தில் ஏறி வந்தால் பயந்துபோய் ஓங்கி அடிக்காதீங்க, தலைக்கு மேலே உயரத் தூக்கிப் போடுங்க. அவர் திரும்பி ஓடுவார், அதில் அரை நிமிஷம் போகும்.

தம்பிக்கு என் முத்தம். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க அந்தத் தடிமாட்டிடம் மீசையை எடுக்கச் சொல்லுங்க.

உங்கள் தங்கச்சி,
சத்தியபாய்


காரோடு
5-9-1954

பிரியமுள்ள சத்தியபாய்க்கு,

உன் பாடத்தை உன் மதினி கேட்கக் கேட்கச் சத்தமாகப் படித்தேன். அடுக்களையில் அகப்பையை வைத்துக் கொண்டு இடது தோளைக் காட்டி நின்று பழகுகிறேன். பிள்ளை சிரிக்கிறது என்று சுகுமாரி சொல்கிறாள். ஒரு மாதப் பிள்ளைக்கு என்ன சிரிப்பு!

ஐம்பது நிமிஷம் வரை வந்துவிட்டேன். தம்பி மூன்று நாள் வந்து மரச்சீனியும் சாளை மீன் கறியும் சாப்பிட்டான். மெலிந்துபோய்விட்டான். பிள்ளையைத் தூக்கத் தெரியவில்லை, சுகுமாரி காட்டிக் கொடுத்தாள்.

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. பக்கம் மாறும்போது அவர் பந்தைக் கையில் தந்துகொண்டே, "சுவாமிதாசே, தனிக்கு எத்தர சகோதரங்ஙள்?" என்று கூடப் பிறந்தவர் கணக்குக் கேட்டார். சும்மா கேட்டதுதான், முகத்தில் ஒன்றும் இல்லை. நான், "ஒரு தங்கச்சி சார், பாளையங்கோட்டையில் டீச்சர்" என்றேன். தம்பியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அவன் சாப்பிட்ட தட்டு இன்னும் கழுவாமல் கிடந்தது. நானே எடுத்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

இன்னொரு தொல்லை. நான் தோற்றுக்கொண்டே இருந்தால் அவருக்குச் சலிக்கிறது. மட்டையைக் கக்கத்தில் வைத்து ஜீப்பைப் பார்க்கிறார். என்ன செய்ய?

அண்ணன்,
சுவாமிதாஸ்


பாளையங்கோட்டை
9-9-1954

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பியைச் சொல்லாமல் விட்டதற்கு மனசைப் போட்டு உழட்டாதீங்க. நீங்க அவனை மறுக்கவில்லை, ஒளித்து வைத்தீங்க. இரண்டும் வேற.

செட்டு ஆறு கேமில் முடியணும் என்று கட்டாயம் இல்லை. ஐந்துக்கு ஐந்து வந்துவிட்டால் ஒருத்தர் இரண்டு கேம் முன்னால் போகிறது வரைக்கும் செட்டு ஓடிக்கொண்டே இருக்கும். எட்டுக்கு எட்டு வரை போனதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் நீங்க ஜெயிக்கவும் வேண்டாம், தோற்கவும் வேண்டாம், கூடவே ஓடுங்க. அவர் ஒரு கேம் எடுத்தால் நீங்க ஒன்று எடுங்க. வேணும்போது எடுக்க அவருடைய பின்கைக்கு, இடது பக்கமாக அடிங்க, அநேகம் பேருக்கு அதுதான் மோசம். விட்டுக் கொடுக்க அவர் வலது கைக்கு நேரே போடுங்க, ஆசையாக அடிப்பார். சர்வீஸ் வேகம் வேண்டாம். இடது கையால் பந்தை நேர் மேலே தூக்குங்க, அது கைக்கு வரும்வரை பொறுங்க.

வெல்லுகிற மாதிரியே இருக்கணும், வென்றும் முடியக் கூடாது. அப்படி இருந்தால் எந்த ஆண்பிள்ளையும் கோர்ட்டை விட்டுப் போகமாட்டான்.

தங்கச்சி,
சத்தியபாய்


காரோடு
16-9-1954

என் பிரியமுள்ள சத்தியபாய்க்கு,

நீ இங்கே இருந்தால் உனக்கு ஒரு கோழி அடித்துப் போட்டிருப்பேன். திங்கள் முதல் தினமும் ஆறரை தாண்டுகிறது. பந்து கண்ணுக்குத் தெரியாமல் ஆகும்வரை ஆடுகிறோம். தம்பியிடம், "ஆறரை வரை ஒரு குருவியும் வராது, நிம்மதியாக இரு" என்று சொல்லிவிட்டேன். நேற்று அவனே பிள்ளையைக் குளிப்பாட்டினானாம். மீசையை எடுக்கமாட்டானாம், மானக்கேடாம்.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனுஷன் மாதிரி பழகவில்லை, அதுதான் எனக்குப் பெரிய பேடி. தோளில் கை போடுகிறார். அதே கையால் லாக்கப்பில் என்ன செய்கிறார் என்று, நம்மைக் காட்டிக் கொடுக்காத நம்ம சபைக் கான்ஸ்டபிள் ஈசாக் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒன்று சொன்னால் சிரிக்காதே. சில பந்து வலைக்குப் பக்கத்தில் மெதுவாக எழும்பி என் முன்னால் நிற்கிறது. ஒரு போடு போட்டால் முடிந்தது. எனக்கு இப்போது அதற்குக் கை வந்திருக்கிறது மக்கா, உள்ளங்கைக்கே தெரிகிறது. ஆனாலும் மெல்லத் தள்ளி அவர் கைக்கே கொடுக்கிறேன். நாற்பத்தோரு வயது வரை எல்லாக் காரியமும் அப்படித்தான் செய்திருக்கிறேன், இதிலும் அப்படியே.

அண்ணன்,
சுவாமிதாஸ்


பாளையங்கோட்டை
19-9-1954

அன்புள்ள அண்ணனுக்கு,

சிரிக்கவில்லை. கடைசி வரியை இரண்டு தரம் படித்த பிறகுதான் அடுப்பில் போட்டேன்.

அப்பா போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைக்க, ஆபீசில் எல்லாரிடமும் தலையாட்டினது நீங்கதான். உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் கேலி செய்தோம். அந்தப் பந்து இனி வந்தால் ஒரே ஒரு தடவை அடிச்சுப் பாருங்க அண்ணா. ஒரு பாயிண்டு தானே, ஆகாசம் இடிந்து விழாது. முன்னால் இறங்கி வாங்க, பந்து நெஞ்சு உயரத்துக்கு வரும்போது, அவர் நிற்காத மூலைக்கு. அடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காதீங்க, பந்தை மட்டும் பாருங்க.

அடித்தால் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதணும்.

தங்கச்சி,
சத்தியபாய்


காரோடு
26-9-1954, ஞாயிறு

சத்தியபாய்,

தம்பியைப் பிடித்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறான். மீதியை நான் எழுதுகிற வரிசையிலேயே படி.

வியாழக்கிழமை. எட்டுக்கு ஏழு, நான் ஒரு கேம் முன்னால். அந்தக் கேமிலும் நாற்பதுக்கு முப்பது. நீ சொன்ன மாதிரி விட்டுக் கொடுத்து எட்டுக்கு எட்டு ஆக்கணும் என்றுதான் இருந்தேன். அப்போது அந்தப் பந்து வந்தது. நான் இறங்கிப் போய் அடித்தேன். அவர் நகரக்கூட இல்லை. எப்படி இருந்தது என்று கேட்டாய். நன்றாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு நன்றாக இருந்தது. அடித்த பிறகுதான் செட்டு முடிந்துபோனது என்று உறைத்தது. மணி ஆறுகூட ஆகவில்லை.

இன்னொரு செட்டு ஆடலாம் சார் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, "மதி, இன்னு தான் ஜயிச்சு, ஞான் வீட்டில் கொண்டாக்காம்" என்றார். ஆட்டம் போதுமாம், ஜெயித்தவனை வீட்டில் கொண்டுபோய் விடுகிறாராம். என் சைக்கிளை ஜீப்பின் பின்னால் போடச் சொல்லிவிட்டார். வேண்டாம் சார் என்று எத்தனை தரம் சொன்னேன். தெரு முக்கில் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். வீட்டில் ஒரு சாயா குடித்துவிட்டுப் போகிறேன் என்றார். காலில் விழுந்து தடுத்திருக்கலாம். ஜீப்பிலிருந்து குதித்திருக்கலாம். நான் அவர் பக்கத்தில் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

தம்பி முற்றத்தில் பிள்ளையை மடியில் வைத்திருந்தான். ஜீப்புச் சத்தம் கேட்டதுமே பிள்ளையைச் சுகுமாரியிடம் கொடுத்துவிட்டு வாழை விளைக்குள் ஓடினான். அவன் தப்பிவிட்டான் சத்தியா. இன்ஸ்பெக்டர் அவனைப் பார்க்கவே இல்லை. ஆனால் அவன் வாழை மறைவிலிருந்து திரும்பிப் பார்த்தான். ஜீப்பில் போலீஸ்காரர் நடுவில் நான் இருக்கிறேன், முகமெல்லாம் வேர்த்து. என்னைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். "அண்ணனை விடுங்க. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் விஜயதாஸ்" என்றான்.

இன்ஸ்பெக்டருக்கே முதலில் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் விளங்கியது. தம்பிக்கும் அப்போதுதான் என் மடியில் இருந்த மட்டை கண்ணில் பட்டது, என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்று தெரிந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன்.

மறுநாள் வேலை போய்விடும், என்னையும் உள்ளே வைப்பார்கள் என்று இருந்தேன். வழக்கம்போல ஐந்து மணிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. ஒன்பதுக்கு ஏழு தோற்றது அவருக்குத் தீரவில்லை. வெள்ளியும் சனியும் போய் ஆடினேன். தம்பியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நீ காறித் துப்பும் முன் ஈசாக் சொன்னதைக் கேள். லாக்கப்பில் விசாரணை சாயங்காலம்தான், இன்ஸ்பெக்டரே பிரம்போடு நிற்பாராம். அவர் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஆறரை வரை ஆடினால் களைத்துப்போய் நேரே வீட்டுக்குக் குளிக்கப் போகிறார். வியாழக்கிழமை தம்பிக்கு நல்ல அடி, வலது கை வீங்கியிருக்கிறது. வெள்ளியும் சனியும் யாரும் தொடவில்லை.

இன்று ஞாயிறு. மிஷன் காம்பவுண்டில் ஞாயிறு பந்து கூடாது, சபைக் கட்டுப்பாடு. இப்போது மணி ஐந்தேகால். நான் இங்கே உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று சர்வீசுக்குப் பந்தைத் தூக்கினால் பக்கத்தில் போய் விழுகிறது. இப்படியே போனால் இருபது நிமிஷத்தில் தோற்றுவிடுவேன். அடுத்த பாடம் அனுப்பு.

சுவாமிதாஸ்


பாளையங்கோட்டை
29-9-1954

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்தப் பந்தை அடிக்கச் சொன்னது நான். அதை நீங்க ஒற்றைக்குச் சுமக்க வேண்டாம். தம்பி பார்த்த பார்வையில் எனக்கும் பங்கு உண்டு. அவனிடம் ஈசாக் மூலம் சொல்லி அனுப்புங்க, நீங்க இப்போதும் எதற்காக ஆடுகிறீங்க என்று. அவன் நம்பணும், நம்பாவிட்டாலும் நீங்க ஆடணும்.

இங்கே வக்கீலைப் பார்த்தேன். ஜாமீனுக்கு எப்படியும் பதினைந்து நாள் ஆகும் என்கிறார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை வாறேன்.

பந்து நேரே எழும்பாவிட்டால் சர்வீசுக்கு முன் பந்தை நாலு தரம் தரையில் தட்டுங்க. மூச்சை முழுசாக வெளியே விட்டுவிட்டுத் தூக்குங்க. தலைக்கு மேலே வேண்டாம், தோளுக்குக் கீழிருந்தே போட்டாலும் சட்டத்தில் இடம் உண்டு. பக்கம் மாறும்போது கூஜாவில் தண்ணீர் கொண்டுபோய் அவருக்கும் கொடுங்க, உட்காருவார். பந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தால் அவுட் சொல்லாதீங்க. "நான் சரியாய்ப் பார்க்கல்ல சார், திரும்ப ஆடுவோம்" என்று சொல்லுங்க. தலைக்கு மேலே தூக்கிப் போடுகிறதை விடாதீங்க. ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதிரியாரிடம் போய்க் கேளுங்க, காரணத்தையும் சொல்லிக் கேளுங்க. அவர் மாட்டேன் என்றால் நான் வந்து காம்பவுண்டு கேட்டைத் திறக்கிறேன். ஆண்டவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். மழை பெய்து ஆட்டம் நின்றால் என்ன செய்கிறது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை அண்ணா.

சத்தியபாய்