மூடியைத் திறக்க மாட்டேன்

அவசரக்காரரே, என் ஆசை வீட்டுக்காரரே,

நீங்கள் போன பிறகு உங்கள் கறுப்புக் கோழியைக் கீரி பிடித்துவிட்டது. அது இட்டு வைத்த முட்டைகள் மட்டும் மிஞ்சின. தெர்மாகோல் பெட்டியில் பல்பு மாட்டிக் குஞ்சு பொரிக்க ஒன்று செய்தீர்களே, அதில்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் வைத்த முட்டையெல்லாம் கெட்டு, ஒரு குஞ்சைக்கூடப் பார்க்காமல் போய்விட்டீர்கள். நம் கிள்ளை ஊரில் இன்னமும் நம் வீட்டைக் கூமுட்டை வீடு என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ஏன் கெட்டது தெரியுமா? தெர்மாமீட்டரைப் பல்புக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருந்தீர்கள். அங்கே சூடு சரியாகத்தான் இருந்தது. மூலைக்கு மூலை மாற்றி வைத்துப் பார்த்தேன். ஓரத்து முட்டைகள், பாவம், குளிரில் கிடந்திருக்கின்றன. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை வாங்கிச் சூட்டைச் சுற்றவிட்டேன். கரண்ட் போனாலும் சட்டென்று ஆறாமலிருக்க ஓரங்களில் தண்ணீர் பாட்டில்களை நிறுத்தினேன்.

ஆனால் பெரிய குற்றவாளி உங்கள் கைதான். "இன்னாடி ஆச்சு, பாக்கலாமா?" என்று எத்தனை தடவை மூடியைத் திறந்திருப்பீர்கள்! சேர்ந்த சூடெல்லாம் ஓடிப்போகும். சொன்னால் கேட்டீர்களா?

நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்கும் கை அரித்தது. அதனால் மூடியில் சின்னச் சன்னல் வெட்டினேன். மாலை போட்டிருந்த உங்கள் போட்டோவை இறக்கி, அதன் கண்ணாடியைக் கழற்றிப் பதித்துவிட்டேன். கோபமா?

சிதம்பரத்திலிருந்து வந்த உங்கள் தம்பி குதிகுதியென்று குதித்தார்.

"இன்னா அண்ணி இது? அண்ணன் போட்டோவக்கூட வுட்டு வெக்க மாட்டீங்களா? தூக்கிப் போடுங்க அந்தப் பொட்டிய!"

"உங்க அண்ணன் ஆரம்பிச்சத முடிக்காம வுட மாட்டேன். அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு, போங்க."

இன்று காலை கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு முட்டையில் விரிசல். உள்ளிருந்து கீச்சென்று சத்தம். எந்த முட்டை தெரியுமா? ஓரத்து முட்டை! உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"அண்ணன் இருந்தா இந்நேரம் தொறந்திருப்பாரு அண்ணி" என்றார். சிரித்தோம், அப்புறம் இரண்டு பேருமே அழுதோம்.

குஞ்சு தானாக வெளியே வந்து உடம்பு காயும்வரை சூடு குறையக் கூடாது. அதுவரை யார் சொன்னாலும் மூடியைத் திறக்க மாட்டேன். இது சத்தியம். காய்ந்ததும் முதல் குஞ்சை உங்கள் போட்டோவுக்கு முன்னால் கொண்டுவருவேன். இடையில் கண்ணாடிகூட இல்லை, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி, அஞ்சலை