பையில் இருந்த துண்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் அத்தான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நீ பேசுவது தெருமுனைவரை கேட்கும். இது அவர் காதில் விழக் கூடாத விஷயம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நீ கேமரா கடையில் இருக்கிறவன், உனக்குத் தெரியும். அத்தானுக்கு எடை குறைந்த ஜூம் கேமரா ஒன்று பார்த்து வை. அவருடைய பழைய கேமராவும் அந்தப் பெரிய லென்ஸும் சேர்ந்து மூன்றரை கிலோ. காய்கறிக்காரர் தராசில் வைத்துப் பார்த்தேன். கிலோ என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று அவர் என்னையே கேட்டார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய தோள் அது. இப்போது சட்டை மாட்டக்கூட வலது கை மேலே போவதில்லை. வலிக்கிறது என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்.

இங்குள்ள கடையில் நானே இரண்டு மூன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்று உள்ளங்கையில் அடங்கிவிட்டது. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்க இடமில்லை, பின்னால் இருக்கும் திரைதான். வெயிலில் அவருக்கு அது தெரியாது, கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் பறவை போய்விடும். இன்னொன்று நிலவின் பள்ளத்தையே காட்டும் என்றார் கடைக்காரர். நிலவு எங்கே ஓடிவிடப் போகிறது, எங்களுக்கு ஏரியில் இருக்கிற நீர்நாய் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வேலையே வேண்டாம், காலடிப் பூவையும் அக்கரைக் கொக்கையும் ஒரே லென்ஸ் பிடிக்க வேண்டும். கை ஆடினாலும் படம் ஆடக் கூடாது. விடியற்காலை மங்கலிலும் படம் நன்றாக வர வேண்டும். எல்லாம் ஒன்றில் கிடைக்காது அக்கா என்பாய். மங்கலை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன், எடையில் பேரமே கிடையாது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். திட்டாமல் படி.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் படம் எடுக்க ஏரிக்குக் கிளம்பினார். முந்தின நாளே பையை அடுக்கிவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, டயர், தண்ணீர், பிரேக் என்று எட்டு விஷயம் பார்க்காமல் ஒரு நாளும் பஸ்ஸை எடுக்காதவர். காலையில் அவர் பல் தேய்க்கும்போது பையைத் தூக்கிப் பார்த்தேன், எனக்கே தோள் இறங்கியது. இன்றைக்கு ஒரு நாள் சின்ன லென்ஸே போதும் என்று நினைத்து, பெரியதை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன். பை சப்பையாகத் தெரியக் கூடாதே என்று, அவர் அதைச் சுற்றி வைக்கும் துண்டை மட்டும் உருட்டி உள்ளே திணித்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காக முடிந்தது.

மூன்று வருஷமாகக் காத்திருந்தாரே, அந்த நீர்நாய் அன்றைக்குத்தான் குட்டிகளோடு கரையேறி இருக்கிறது. பையைத் திறந்தால் துண்டு.

வீட்டுக்கு வந்து அலமாரி மேல் லென்ஸைப் பார்த்தார். என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. துடைக்க எடுத்தவன் துண்டை மட்டும் வைத்துக் கட்டியிருக்கிறேன், அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்றார். அவர் அண்ணன் கடைசியில் சொந்த வீட்டு வாசல் தெரியாமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றதை நீயும் பார்த்திருக்கிறாய். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. கீழ்வீட்டுக்காரி ஏதோ கேட்டுக்கொண்டு வந்தாள், அதோடு போயிற்று. மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

இப்போது வீடு முழுக்கச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார். அடுப்பு அணை. சாவி எடு. குளிக்கும்போது தன் பழைய பஸ் ரூட்டின் நாற்பத்திரண்டு ஸ்டாப்பையும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறார். நேற்று நாற்பத்தொன்றுதான் வந்தது. ஈரத் தலையோடு வெளியே வந்து அப்படியே நின்றார். பயமாக இருக்கிறது தம்பி. அவர் கேமராவைத் தொட்டுப் பல நாளாகிறது.

உன்னை ஒன்று கேட்கிறேன். கேமராவைத் தேர்ந்தெடுத்து வை, ஆனால் அனுப்பாதே. சொல்லிவிட்டேன் என்று நான் எழுதினால்தான் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கேமராவைக் கொடுத்துப் பழைய பொய்யை மூடிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

உன் அக்கா

* * *

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். அனுப்பு.

சீட்டு எழுத உட்கார்ந்திருந்தார். பையையும் துண்டையும் முன்னால் வைத்து, நான்தான் எடுத்தேன் என்றேன். கத்துவார் என்று கதவைக்கூடச் சாத்தி வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா என்று கேட்டார். ஒண்ணும் இல்லைங்க என்றேன். திரும்பவும் அதையே கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது வேண்டியதுதான். மூன்றாம் நாள் சீட்டுகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு புதுச் சீட்டு எழுதிப் பைமேல் ஒட்டினார். இவள் தொடக் கூடாது என்று இருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் தைலப் புட்டியை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்தார். தோள் வலிக்குது, மூணு வருஷமா வலிக்குது என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வலி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நீ பார்த்து எழுதிய கேமராவின் விவரம் எல்லாம் அவரிடம் சொல்லியாகிவிட்டது. எண்ணூறு கிராம் என்றதும் பொம்மையா என்று முகத்தைச் சுளித்தார். பிறகு, கழுத்தில் தொங்கவிட்டால் பையே வேண்டாமே என்று அவரே சொன்னார். இந்தத் தடவை என்னையும் ஏரிக்குக் கூட்டிப்போகிறாராம்.

நீ நூறு வருஷம் நன்றாக இரு. பத்திரமாகக் கட்டி, சீக்கிரம் அனுப்பிவிடப்பா. அங்கே குட்டிகள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன.

உன் அக்கா