மலரின் போனில் வராத வீடியோ

கடலூர், செவ்வாய் இரவு.

மகள் மலரின் போனில், பிள்ளைகள் பார்க்கக் கூடாததை மறைக்கும் பூட்டை நேற்றுதான் போட்டேன். இன்று சாயங்காலம் வந்து, "அப்பா, என் மஞ்சள் நீராட்டு வீடியோவே வரமாட்டேங்குது. பெரியவுங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கு" என்றாள்.

சிதம்பரம் மண்டபத்தில் எடுத்தது. ஸ்டுடியோக்காரனை நெட்டில் போடச் சொன்னவன் நான்தான். என் போனில் திறந்தேன். வீடியோவுக்குக் கீழே முகம் தெரியாத ஆண்கள் என் பெண்ணைப் பற்றி எழுதியிருந்ததை முழுக்கப் படிக்க முடியவில்லை.

ஸ்டுடியோக்காரனுக்குப் போன் போட்டேன். "வியூஸ் ஜாஸ்தியா போவுது மாமா, எதுக்குத் தூக்கணும்?" என்றான், சனியன். கத்திய பிறகுதான் தூக்கினான். அதற்குள் எத்தனை பேர் எடுத்து வைத்துக்கொண்டார்களோ.

நான் கத்தியதைக் கேட்டு மலர் அழுதாள். "நான் என்னப்பா தப்பு பண்ணேன்?"

தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. போய்ப் படு என்றேன்.