பாலத்து டிராகன்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் லீவு முடிந்து கத்தார் போனபோது டிவிக்கு அடியில் விட்டுப்போன கேம் பெட்டியை நேற்றுதான் முதன்முதலாகத் தொட்டேன். கோபப்படாதீர்கள். லீவு முழுக்க உங்களை விழுங்கிக்கொண்டிருந்ததே பாலத்து டிராகன், அதை நான் கொன்றுவிட்டேன்!

உங்கள் தங்கை சாமியாதான் சாட்சி. "மதினி, செத்துருச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள்.

அழகான ஆட்டம், மச்சான். மலையெல்லாம் மிதக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரி நிற்கிறாளே, அவள் பேசியதை நான் முழுக்கக் கேட்டேன். டிராகனுக்குக் கண் தெரியாதாம், காதுதான் கூர்மையாம். அதனால் இரும்புச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பூனை மாதிரி நடந்துபோய், கழுத்தில் ஒரே வெட்டு! நீங்களோ அவள் வாயைத் திறந்ததுமே, "இவளுக்கு வேற வேலையில்ல" என்று பட்டனை அழுத்திப் பேச்சைத் தள்ளிவிட்டு, இரும்புச் சட்டையோடு தடதடவென்று ஓடுவீர்கள்.

வெள்ளிக்கிழமை போனில் நான் ஆரம்பித்ததும், "சரி சரி, அப்பறம் பேசுறேன்" என்றீர்கள். அன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான்: அறந்தாங்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர்கிறேன். மாமிக்கும் சந்தோஷம்.

உங்கள் கூட்டாளி காஜா மைதீன் கத்தாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். காகிதத்தில் பேச்சைத் தள்ளிவிடும் அந்தப் பட்டன் கிடையாது.

இப்படிக்கு,
டிராகனை வென்ற உங்கள் மனைவி