நாளை வரை கரையில்

தம்பி,

போனைத் துண்டித்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். "அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். இன்னிக்கு ஃப்ளைட் ஏற உனக்கென்ன கேடு?" என்று கத்தினாய்.

காலையில் என்னிடம் டைவிங் கற்க வந்த ஒருவன் கேமராவைக் கடலில் நழுவவிட்டான். எடுத்துக்கொடுக்க சிலிண்டரை மாட்டிக்கொண்டு அடிவரை போனேன். அந்தக் கேமரா நாசமாய்ப் போக! படகில் ஏறிப் போனைப் பார்த்தால் உன் அழைப்புகள்.

ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த வாயு வெளியேற ஒரு நாள் விடவேண்டும். அதற்குள் விமானத்தில் பறந்தால் அது குமிழியாகி மூளையையே அடைக்கலாம். ஸ்கூபா மாணவர்களிடம் தினமும் பாடும் பாட்டு, இன்று என் தலையிலேயே விடிந்திருக்கிறது.

இந்தத் தீவிலிருந்து கப்பல் ஏறினாலும் நாளைக்குள் வந்து சேர முடியாது. கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறேன். நீ டிக்கெட் போட்ட விமானம் இப்போதுதான் ஜன்னலுக்கு மேலே போனது.

மயக்க ஊசிக்கு முன் அம்மா என்னைத் தேடினால், "அக்கா இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்கா" என்று சொல். கரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அக்கா