படத்தில் இல்லாத குளம்

வலது கை ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரத்தில் நீலம் ஒட்டியிருக்கிறது. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அம்மா என் வெள்ளைச் சட்டையை நீலம் போட்டு அலசச் சொன்னாள். சாம்பல் வைத்துத் தேய்த்தும் நகத்தில் ஒட்டியது போகவில்லை. நீலத்துக்கு ஒரு வாசம் உண்டு, உனக்குத் தெரியும். மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி. அது மூக்கில் ஏறியதும் உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது. எல்லோரும் தூங்குகிறார்கள். குப்பி விளக்கைப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு, பூமிசாஸ்திரக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதுகிறேன். நீ காய்ச்சலில் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது. இன்று உன் பேரில் ஒரு பழி விழுந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதைச் சொல்வதற்கு முன் குளத்தைச் சொல்ல வேண்டும்.

உன் மாமா கல்லோயாவுக்கு லொறி ஓட்டத் தொடங்கிய பிறகுதானே நமக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது! ஆற்றை மறித்துக் கட்டிய புதுக் குளம் அங்கே நிரம்பிக்கொண்டிருக்கிறது என்றார். எவ்வளவு பெரிசு என்று நீ கேட்டாய். "நம்ம தோட்டம் மாதிரி பத்துத் தோட்டத்தத் தூக்கிப் போட்டாலும் முங்கிப்போயிரும் புள்ள" என்றார்.

மறுநாள் முழுக்க நாம் பள்ளிக்கூட வாசலில் நின்று, நம் பள்ளத்தாக்கில் மனசாலேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கீழ் லயத்து வீட்டு வரிசை முதலில் மூழ்கியது. அடுத்து கோயில். தேயிலை ஸ்டோரில் புகைக்கூண்டின் முனை மட்டும் மிஞ்சியது. துரை பங்களா தீவாகிவிட்டது. "தொர தோணியில வந்துதான் பெரட்டுல ஆளுக பேரக் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டு, நீ துடுப்புப் போடுகிற மாதிரி கையை ஆட்டினாய்.

குளத்துக்கு வருகிற ஆறு நம் பக்கத்து மலையில்தான் பிறக்கிறதாம். அப்படியானால் நம் லயத்துப் பீலிக் குழாயில் குடம் நிறைந்து வழிகிற தண்ணீரும் அங்கேதான் போகிறதா? "பின்ன வேற எங்க போவும்" என்று உன் மாமா பீடியைப் பற்றவைத்தார். அவர் சொன்ன விதத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உனக்கும் வரவில்லை. அதனால்தான் உன் சிவப்பு ரிப்பனில் ஒரு துண்டை வெட்டித் தைலப் போத்தலுக்குள் போட்டு, மூடியை இறுக்கி, பீலிக்குக் கீழே ஓடையில் விட்டாய். அது பாறையில் ஒரு தடவை முட்டித் திரும்பி, நம்மைப் பார்த்துவிட்டுப் போன மாதிரிப் போனது.

தீபாவளி லீவுக்கு நம் இருவரையும் உன் அம்மாவையும் கூட்டிப்போகிறேன் என்று மாமா ஒத்துக்கொண்டார். மூன்று நாள். முதல் நாள் விடியுமுன் புறப்பட்டு லுணுகலை தாண்டி பிபிலையில் தேத்தண்ணி. பொழுது சாயும்போது அணைக்கட்டு. இரண்டாம் நாள் கரை ஓரமாகப் போத்தலைத் தேடுவது, யானை துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நீந்துவது மெய்யா பொய்யா என்று பார்ப்பது. மூன்றாம் நாள் திரும்புவது. கொண்டுபோகிற சாமான்: ரொட்டி, கட்டச்சம்பல், கம்பளி நாலு. அவ்வளவு தண்ணீர் இருக்கிற இடம் எப்படிக் குளிரும் என்று நினைத்துத்தானே நாலு எழுதினோம்! மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி மலைக்கழுதைகளா, அங்க ராவுல சட்டையக் கழட்டி வச்சிட்டுப் படுக்கிறானுக. நீங்க கம்பளி சொமந்துக்கிட்டு வாறீங்களா?"

எங்கள் அப்பாவிடம் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. "போயிட்டு வா. ஆனா பள்ளிக்கூடத்திலேருந்து ஒரு பிராது வந்துச்சு, அன்னைக்கே கொழுந்தெடுக்கப் பேர் பதிஞ்சிருவேன்" என்றார். அப்பா விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. அக்காவுக்கு அப்படித்தான் செய்தார்.

இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் தகரக் குழாயிலிருந்து வெளியே வருகிற துணிப்படம் ஒன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறதே, அந்த இலங்கைப் படத்தைத் தூசி தட்டுகிற வேலையை, நீ காய்ச்சலில் படுப்பதற்கு முந்தின வாரம் நமக்குத் தந்தார்கள். குளத்தைத் தேடினோம். மயிர் மாதிரி ஓர் ஆறு ஓடியதே தவிர, குளத்தைக் காணோம். படம் பழசு, குளம் புதுசு. "படத்துலயே இல்லாத எடத்துக்கு எப்படிடி வழி கண்டுபிடிக்கிறது?" என்று நீ பென்சிலை எடுத்துக் கரையைப் போட்டாய். நான் எச்சில் தொட்டு, வீட்டிலிருந்து எடுத்துவந்த அம்மாவின் நீலக்கட்டியால் தண்ணீர் நிரப்பினேன். பத்துத் தோட்டம் என்கிற நினைப்பிலேயே நிரப்பினேன். குளம் மட்டக்களப்புக் கடலைத் தொட்டுவிட்டது.

அதற்குப் பிறகு இன்றுதான் வாத்தியார் படத்தை விரித்தார். "ஆர் பிள்ளையள் இதைக் கீறினது?" என்று யாழ்ப்பாணப் பேச்சில் கேட்டார். பிரம்பு கையில் இருந்தது. நான் முன்னால் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ராசம்மா எழும்பினாள். "செத்துப்போச்சே, அந்தப் புள்ளதாங்க சார். எந்நேரமும் கொளம் கொளம்னு திரிஞ்சிச்சு."

வாத்தியார் பிரம்பை மேசையில் வைத்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தைக் கூட்டிக் கழுவுவதற்கு உன் அம்மாவைத்தான் அனுப்பியிருந்தார்கள். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "மன்னிச்சிருங்க வாத்தியாரய்யா, நான் தொடச்சுத் தாரேன்" என்று உள்ளே வந்து, முந்தானையை நனைத்து ஓர் ஓரத்தைத் தொட்டாள். நீலம் இழுகியது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "எம்புள்ள கை பட்டதுங்க" என்றாள். "இது இப்படியே இருக்கட்டுங்களே."

"சரி, விடுங்கோ. இன்ஸ்பெக்டர் கேட்டா நான் கதைக்கிறன்" என்றார் வாத்தியார்.

உன் அம்மா போகும்போது குளத்தை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள். அவள் தடவியது நான் பூசிய நீலத்தை.

சொன்னால் பிரம்படி, பிறகு கொழுந்துக் கூடை. உன் அம்மாவிடமிருந்து உன் கையைப் பிடுங்கியதாகவும் ஆகும். சொல்லாவிட்டால் நாளை இன்ஸ்பெக்டர் முன்னால் குற்றவாளி நீ. சாயந்திரம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டையைப் பிழியும்போதுதான் கரை ஞாபகம் வந்தது. நீலத்தைச் சுற்றி உன் பென்சில் கோடு இருக்கிறதே! கீழ்ப் பக்கத்தில் பென்சில் சறுக்கி, மூக்கு மாதிரி நீண்டுவிட்டது. அழிக்கப் போனேன். "அழிக்காத, அதான் தோணி கட்டுற எடம்" என்றாய். நீலம் அதில் ஏறவில்லை. வெறும் பென்சில்.

காலையில் முதலில் உன் அம்மாவிடம் போகிறேன். அவளைக் கூட்டிவந்து, அவள் விரலை அந்த மூக்கின் மேல் வைத்து, இந்தக் கோடுதான் நீ போட்டது, நீலம் நான் பூசியது என்று வாத்தியார் கேட்கவே சொல்லப்போகிறேன்.

கூடை தூக்கினாலும் தீபாவளிக்கு லீவு உண்டு. உன் மாமாவின் லொறியும் இருக்கிறது. அந்தப் போத்தல் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று யாராவது பார்க்கத்தானே வேண்டும்.

கம்பளி எடுக்க மாட்டேன்.