சிரிக்கப் பயந்த நாட்கள்

கீழ்வீட்டில் இன்று காய்ந்த மிளகாய் வறுத்தார்கள். நெடி மாடிக்கு ஏறியதும் எனக்கு இருமல் பிடித்தது. இருமுவதற்கு முன்பே அடிவயிற்றுத் தசைகள் தாமாக இறுகிக்கொண்டன. ஒரு சொட்டும் கசியவில்லை. உடனே உனக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் மாலையில் இருவரும் நடப்போமே, அந்த நடைக்கு நான் திடீரென வராமல் விட்டேன். கால் நோகுது என்றேன். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றேன். உண்மையில் உனக்குத்தான் பயந்தேன். எதிரே வருகிற ஒவ்வொருவரையும் போல நீ நடந்து காட்டுவாய். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் சிறுநீர் கசிந்து உடுப்பு நனைந்துவிடும். இளைய மகள் பிறந்த பிறகு வந்த தொல்லை அது. கணவருக்கும் சொல்லவில்லை.

ஒருநாள் நீயே வந்து கதவைத் தட்டினாய்.

"என்னடி, என்னோட கோவமோ?"

"இல்லையடி. நீ சிரிக்க வைப்பாய். சிரிச்சா எனக்கு… போயிடுது."

நீ சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"எனக்கும்தான். தும்மினாப் போகும். கோயிலுக்குப் போறதையே குறைச்சிட்டன். வா, ரெண்டு பேருமா டொக்டரிட்டப் போவம்."

டொக்டர் எங்களைப் பரிசோதித்து, பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அனுப்பினார். சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கவும் தளர்த்தவும் அவர் பழக்கினார். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் செய்வோம். உன் முகமும் சேர்ந்து இறுகிவிடும். "சாமி வந்த மாதிரி நிக்காதையடி" என்பேன்.

சில மாதங்கள் கழித்து, கடலோரத்தில் நீ ஒரு பொலிஸ்காரரைப் போல நெஞ்சை நிமிர்த்தி நடந்தாய். கண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"ஒண்டுமில்லையோ?"

"ஒண்டுமில்லையடி!"

வீதியென்றும் பாராமல் என்னைக் கட்டிப்பிடித்தாய்.

அடுத்த வருடமே மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன கிழமை உன் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவளுக்கும் இதே கரைச்சலாம்.

"வெக்கப்படாம டொக்டரிட்டக் காட்டோணும் எண்டு அம்மா முந்தியே சொன்னவ, அன்ரி. தானும் ஒரு சிநேகிதியுமாப் போனவையாம். ஆரெண்டு எத்தனையோ தரம் கேட்டன். கடைசிவரைக்கும் பேர் சொல்லேல்லை."

"அது நான்தான், பிள்ளை" என்றேன். இத்தனை வருடத்தில் முதல்தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் கையைப் போலவே சூடான கை.

நீ யாருக்கும் சொல்லாத என் பெயரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாயடி என்னை.